வெள்ளி ஒரு தோலா, வேலை இரண்டு ரூபாய்

சித்தூர்
10-1-1960

அன்புள்ள ரத்தினத்துக்கு,

கன்னையா மாமாவின் ஆசீர்வாதம். உன் அக்காள் இருந்தவரை உனக்குக் கடிதம் எழுதுவது அவள் பொறுப்பாக இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களை வீணாக்கிவிட்டேன். ஆகையால் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

இத்துடன் வரும் அட்டைப்பெட்டியில் பதினோரு வெள்ளிப் புரூச்சுகள் இருக்கின்றன. பெண்கள் புடவைத் தோளில் குத்திக்கொள்கிறார்களே, அவைதான். எல்லாம் நான் செய்தவை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தபோது கைத்தொழில் வகுப்புக்காகக் கம்பி வளைக்கவும் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டேன். ரிடையரான பிறகு அதுவே என் பொழுதாகிவிட்டது. முருங்கை இலை, புளியங்கொத்து, மாம்பூ என்று மூன்று மாதிரிகள். மாம்பூவைப் பார்த்து வரைய பஸ் ஏறிப் பங்காருபாளையம் போனேன். தோப்புக் காவல்காரன் என்னைத் திருடன் என்று நினைத்து உட்காரவைத்துவிட்டான். அது வேறு கதை.

இவற்றை உன் வளையல் கடையில் வைத்து விற்க முடியுமா? காரணம் இருக்கிறது. ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுக்கா மதராஸ் ராஜ்யத்தோடு சேருகிறது. நம் பிள்ளை நாகேந்திரன் அங்கே தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா, அவனும் அந்தப் பக்கம் போகிறான். "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு ராஜ்யத்துல ரெண்டு வாடகை குடுக்க என்னால ஆகாது நைனா" என்கிறான். இந்த வீட்டு வாடகை பன்னிரண்டு ரூபாயை இதுவரை அவன்தான் அனுப்பிவந்தான். ஏப்ரலிலிருந்து நானே கொடுப்பதானால் இங்கே இருக்கலாம். முடியாவிட்டால் வீட்டைக் காலிசெய்து அவனோடு போய்விட வேண்டும்.

அவன் சொல்வதில் தவறு இல்லை. ஆனால் அவனுக்கு அங்கே இருப்பது ஒரே அறை. கரியடுப்பும் ஊதுகுழலும் வைக்க இடம் கிடையாது. மருமகளுக்குப் புகை ஆகாது. அங்கே போனால் மூன்று வேளை சாப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்காது. இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடைக்கு வருகிறவர்கள் படிக்கும்படி ஒவ்வொன்றிலும் தெலுங்கு எழுத்தில் சீட்டுக் கட்டியிருக்கிறேன். நீ கடைக்காரி, உனக்கு விளக்க வேண்டியதில்லை. தொகை அதிகம் என்று பட்டால் தயங்காமல் எழுது. எனக்கே அதிகம் என்றுதான் படுகிறது.

இப்படிக்கு,
கன்னையா


திருப்பதி
22-1-1960

மாமாவுக்கு ரத்தினம் எழுதுவது.

பதினொன்றும் போய்விட்டது. எட்டு நாள்கூட ஆகவில்லை.

கண்ணாடி வளையல் வாங்க வந்த காலேஜ் பெண் ஒருத்தி முருங்கை இலையை எடுத்துக் குத்திப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவளுடைய ஹாஸ்டலிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. கடைசி மாம்பூவுக்கு இரண்டு பெண்கள் இழுபறி. வளையல் கடையில் சண்டை வந்தால் யாருக்கு நஷ்டம் என்று அவர்களுக்கு எங்கே தெரிகிறது? நடுவில் புகுந்து, மூத்தவளுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

இருபத்திரண்டு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். முதல் தடவை என்பதால் கடைக்கு ஒன்றும் எடுக்கவில்லை. மணியார்டர் செலவும் என்னுடையது.

இன்னொரு நல்ல சேதி. அந்த ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் லெக்சரர் கமலம்மா நேரில் வந்தார். ஏப்ரலில் ஹாஸ்டல் விழாவாம். பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி முருங்கை இலை குத்திக்கொள்ள வேண்டுமாம். முப்பது வேண்டும், இதே விலைக்கு என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். இனி நாகேந்திரன் அவன் வாடகையைப் பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் வாடகையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அக்காள் எப்போதும் சொல்வாள், "அந்த மனுஷனுக்கு எல வரையத் தெரியும், எல போட்டுச் சோறு கேக்கத் தெரியாது" என்று. அவள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ரத்தினம்


சித்தூர்
27-1-1960

அன்புள்ள ரத்தினத்துக்கு,

மணியார்டர் கிடைத்தது. எல்லாம் விற்றதில் பரம சந்தோஷம். தபால்காரர் முன்னிலையிலேயே இரண்டு முறை எண்ணினேன். அவர் வருத்தப்பட்டிருப்பார்.

ஒரு சிறு சந்தேகம். சந்தேகம் என்பதுகூடச் சரியான சொல் இல்லை. வெள்ளிப் பணம் தனியாக, பின்னால் வருமா? அல்லது வெள்ளியின் விலையைக் கடைப்பங்காக வைத்துக்கொள்வது திருப்பதி வழக்கமா? வழக்கமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடைக்கு வாடகை உண்டு, விளக்கு உண்டு, நாள் முழுவதும் நீ உட்கார வேண்டும். ஒன்றும் எடுக்கவில்லை என்று நீ எழுதியிருப்பதை மட்டும் எந்த இடத்தில் பொருத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது முறையில்லை என்றால் இந்தக் கடிதத்தைப் படிக்காததாக வைத்துக்கொள்.

கன்னையா


திருப்பதி
1-2-1960

மாமாவுக்கு.

படிக்காததாக எப்படி வைத்துக்கொள்வது? மூன்று தடவை படித்துவிட்டேன்.

என்ன வெள்ளிப் பணம்? வழக்கம் என்று நாசூக்காக எழுதினால் திருட்டு என்று எனக்குப் புரியாதா? என் வீட்டுக்காரர் செத்து இந்தக் கடைக்கு நான் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, ஒரு டஜன் வளையலில் ஒன்று கீறியிருந்தாலும் நானே சொல்லி மாற்றிக் கொடுக்கிறவள். அக்காள் புருஷன் பணத்தில் கைவைப்பேனா?

உங்கள் சீட்டு ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், நீங்களே படியுங்கள். முதல் வரியில் வெள்ளி ஒரு தோலா. இரண்டாவது வரியில் வெல, ரெண்டு ரூபாய். தெலுங்கில் வெல என்றால் விலை. இது நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். விலை ரெண்டு என்று எழுதியிருந்தது, ரெண்டுக்கு விற்றேன். பதினொன்றுக்கு இருபத்திரண்டு. இதில் நான் எதை ஒளித்தேன்?

இவ்வளவு சல்லிசாக இருக்கிறதே என்று எனக்கும் பட்டது. வீட்டில் பழைய வெள்ளி கிடந்திருக்கும், மனுஷன் பொழுதுபோகாமல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். ஆனால் உங்களை ஒரு கேள்வி கேட்டால் நாலு நாள் தூங்க மாட்டீர்கள் என்று அக்காள் சொன்னது ஞாபகம் வந்தது.

ரத்தினம்


சித்தூர்
5-2-1960

அன்புள்ள ரத்தினத்துக்கு,

என்னை மன்னித்துவிடு. நீ எதையும் ஒளிக்கவில்லை. சீட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

நான் எழுதியது வெல இல்லை, வேலை. தமிழ்ச் சொல்லைத் தெலுங்கு எழுத்தில் எழுதினேன். கடைசி ஐகாரம் தெலுங்கில் போட்டால் பார்க்க நன்றாக இல்லை, ஆகவே 'வேல' என்று நிறுத்திக்கொண்டேன். சீட்டு சிறியது, நெடிலுக்கான சுழி சரியாக விழவில்லை. தெலுங்கு வாசிக்கிற யாரும் அதை விலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தட்டார்கள் கணக்குப் போடுவதுபோல அன்றைய வெள்ளி விலையை நீ போட்டு, அதற்கு மேல் வேலைக்கு இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குவாய் என்று நான் இருந்தேன். ஒரு தோலா வெள்ளியே இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போகிறது. எனவே பதினோரு புரூச்சுகளையும் நான் இனாமாகச் செய்து கொடுத்திருக்கிறேன், கையிலிருந்து சில்லறையும் போட்டு.

இது ஒரு குழப்பம். இன்னொன்று இருக்கிறது. வேலைக்கு இரண்டு ரூபாய் என்றேனே, அதுவாவது நியாயமா?

ஒரு புரூச்சுக்கு எனக்கு ஒன்றரை நாள் ஆகிறது. கடைசியாக வாங்கிய சம்பளப்படி பார்த்தால் வேலைக்கு மட்டும் ஐந்து ரூபாய் வருகிறது. அதை எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. சீட்டு எழுதுமுன் இங்கே கடைத்தெருவில் நாகபூஷணம் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இதை அரை நாளில் முடிப்பாராம், ஒன்றே கால் ரூபாய் கேட்பாராம். அப்படியானால் மிச்சமுள்ள ஒரு நாள் என்னுடைய மந்தம். என் மந்தத்துக்கு அந்தப் பெண் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? இப்படி நினைத்துக்கொண்டு திரும்பும்போது அவர் முருங்கை இலையை மறுபடி வாங்கிப் பார்த்து, "காம்பு ஏன் சாமி கோணலா கீது? நேரா இழுத்துடலாமே" என்றார். காம்பு அப்படித்தான் இருக்கும். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அந்தக் காலைப்பொழுதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சேர்க்கவே கூடாதா? அவர் பேச்சுக்கும் என் சம்பளத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் நின்று இரண்டு என்று எழுதினேன். அதில் நியாயத்தைவிடப் பயம்தான் அதிகம்.

முப்பதுக்கு நீ வாக்குக் கொடுத்துவிட்டாய். கமலம்மாவிடம் போய் மாற்றிச் சொல்லாதே. நான் அந்த விலைக்கே செய்து கொடுத்துவிடுகிறேன். முடிக்கும்போது வாடகைக்குக் கையில் ஒன்றும் இருக்காது என்பது தெரியும். ஆனாலும் சீட்டு என் கையெழுத்து.

கன்னையா


திருப்பதி
12-2-1960

மாமாவுக்கு.

போகாதே என்று எழுதியிருந்தீர்கள். கடிதம் வந்த அன்றைக்கே போனேன். கோபித்துக்கொள்ளுங்கள். தவறிச் சொன்ன விலைக்கு முப்பது உருப்படி செய்துவிட்டு ஏப்ரல் முதல் தேதி மூட்டை கட்டுவது என்ன நியாயம்? வாக்குக் கொடுத்தது நான், நீங்கள் இல்லை. என் வாக்கை நானே போய்த் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். சீட்டில் எழுத்து மாறிவிட்டது, அது வெறும் வேலையின் கணக்கு, வெள்ளி அதில் சேரவில்லை என்று சொன்னேன். கமலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளியா? எங்க பிள்ளைங்க அதை ஜெர்மன் சில்வர்னு இல்ல நினைச்சிக்கினு இருக்குதுங்க?" என்றார். "சீட்டுல வெள்ளின்னு போட்டிருந்தது நிஜம்தான். ரெண்டு ரூபாய்க்கு வெள்ளி யார் குடுப்பாங்க? கடைக்காரங்க எழுதுறதுதானேன்னு விட்டுட்டோம்."

ஒரு பெண் புடவையோடு சேர்த்து அதை வண்ணானுக்குப் போட்டுவிட்டாளாம். ஒருத்தி பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். கமலம்மாவின் சத்தம் கேட்டு வந்த பெண்களில் ஒருத்தி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஏதோ அவர்களை ஏமாற்றிய மாதிரி நின்றேன். குறைத்து விற்றும் ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனிமேல் ஐந்து ரூபாய் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கு இரண்டு, கடைக்கு அரை, உங்களுக்கு இரண்டரை. மாசம் ஏழெட்டுப் போனால்கூட வாடகை கட்டி மிச்சம் இருக்கும். பெண்களைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். முகத்தைப் பார்த்தால் சொல்லுவாரா என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். தமிழிலும் கூலிதான், தெலுங்கிலும் கூலிதான். எந்த எழுத்தில் எழுதினாலும் யாரும் வேறு மாதிரிப் படிக்க முடியாது. அந்த இரண்டெழுத்தை எழுதியிருந்தால் இவ்வளவும் இல்லை. தட்டார் கணக்கு என்கிறீர்களே, எந்தத் தட்டார் வேலை என்று எழுதுகிறார்? ஏன் எழுதவில்லை? டிராயிங் மாஸ்டர் சம்பளம் வாங்கலாம், கூலி வாங்கக் கூடாதா?

ரத்தினம்


சித்தூர்
20-2-1960

ரத்தினத்துக்கு,

நான் கோபமாக இருக்கிறேன் என்பதைத் தெரிவிக்க ஒரு கடிதம் எழுதினேன். திரும்பப் படித்தபோது அதில் கோபம் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னைக் கேட்காமல் நீ போயிருக்கக் கூடாது. போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் அதை என்னவென்று நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். தெரிந்தது நல்லதா, கெட்டதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பாத்திரம் தேய்க்கிற அம்மாளிடம் திருப்பிக் கேட்டுவிட வேண்டாம் என்று கமலம்மாவிடம் சொல். அவளாவது வெள்ளி என்று தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். கூலி என்றுதான் முதலில் எழுதினேன். ஒரு சீட்டில் எழுதி, அதைக் கிழித்துப் போட்டேன். அந்தச் சொல்லில் இழிவு இருப்பதாக நான் நினைக்கவில்லை, வகுப்பில் பலமுறை அதற்கு நேர்மாறாகவே பேசியிருக்கிறேன். ஆனால் என் கையாலேயே எனக்கு என்று எழுதும்போது, யாரோ வந்து 'நீ என்ன கூலிக்காரனா, இதற்கு இவ்வளவா' என்று கேட்டுவிடுவார்கள்போல இருந்தது. வேலை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. பார், யாரும் கேட்கவில்லை.

ஐந்து ரூபாய் என்பதைத் தினமும் தாளில் எழுதிப் பார்க்கிறேன். காலையில் நியாயமாக இருக்கிறது. சாயங்காலத்தில் அநியாயமாக இருக்கிறது. ஆறு புரூச்சுகள் அனுப்புகிறேன். சீட்டுக் கட்டவில்லை. நீயே சொல்லிக்கொள்.

நாகேந்திரன் எழுதியிருக்கிறான். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து சாமான்களைக் கட்டுவானாம். ஏற்பாடு ஏதாவது ஆயிற்றா என்று கேட்கிறான். ஆகிறது என்று எழுதலாமா?

கன்னையா


திருப்பதி
12-3-1960

மாமாவுக்கு ரத்தினம் எழுதுவது.

எழுதாதீர்கள். மூன்று வாரத்தில் ஒன்றுதான் போயிருக்கிறது.

நான் தப்பு செய்துவிட்டேனோ என்று இருக்கிறது. பெண்கள் வருகிறார்கள், எடுத்துப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், வைத்துவிட்டுக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். "போன மாசம் ரெண்டு ரூபாய்தானே அத்தை, வெள்ளி இப்போ ராஜ்யம் மாறுதா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்துவிட்டேன். இருபது வருஷமாக வளையல் விற்கிறேன், எந்த வளையலுக்கும் யோசித்தது கிடையாது. வந்த விலைக்கு மேலே ஒன்று வைத்து, வருகிறவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறக்குவேன். இதில் எதற்கு மேலே எதை வைப்பது என்று எனக்கும் பிடிபடவில்லை. உங்கள் குழப்பம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நாலு என்று வைத்துப் பார்க்கட்டுமா? நாலுக்குப் போனால் உங்கள் கைக்கு ஒன்றரைதான் நிற்கும். வாடகைக்கு மாசம் எட்டு விற்க வேண்டும், எட்டு செய்யவும் வேண்டும், கண் தாங்குமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

கமலம்மாவிடமிருந்து முப்பதைப் பற்றிப் பேச்சில்லை. நேற்று அந்தப் பக்கமாக வந்தவர் உங்கள் விலாசம் கேட்டார். கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. சண்டைக்கு வருகிறாரோ என்னவோ, தயாராக இருங்கள்.

ரத்தினம்


சித்தூர்
2-4-1960

அன்புள்ள ரத்தினத்துக்கு,

நாலா ஐந்தா என்று நீ கேட்டதற்கு இதுவரை பதில் எழுதவில்லை. எழுத எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இருக்கிறதா என்று தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாகேந்திரன் வந்தான். ஏற்பாடு என்ன ஆயிற்று என்றான். நான் கடையில் ஒன்று விற்றதைச் சொன்னேன். உடனே கடைத்தெருவுக்குப் போனான். கயிறு வாங்கி வந்து படுக்கையைக் கட்டினான், பாத்திரங்களைக் கட்டினான், குறடு, ஊதுகுழல், பட்டடை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டினான். "இது அங்க எங்க வைக்கிறதுன்னு போய்ப் பாத்துக்கலாம் நைனா" என்றான். வைக்க இடமில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்துவைத்திருந்த பதினான்கு முருங்கை இலைகளைத் தட்டில் அடுக்கி, துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் ஜட்கா நின்றது. கமலம்மா, கூட இரண்டு பெண்கள். திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் உட்காரவில்லை. தட்டை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பற்றவைத்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மாஸ்டாரு, இதி எந்த?" என்றார், இது எவ்வளவு என்று.

ரத்தினம், ஒரு மனிதரின் முகத்துக்கு நேராக என் சரக்கின் விலையை நான் இதுவரை சொன்னதில்லை. எல்லாம் சீட்டில்தான். ஐந்து என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால் ஒரு பெண் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"நாலு பெட்டுகோண்டி" என்றார். நாலு வைத்துக்கொள்ளுங்கள் என்று. சரி என்றுதான் சொல்ல நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நாலரை என்றார். அதற்கும் சத்தம் வரவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாகேந்திரன் கையில் கயிற்றோடு அப்படியே நின்றான்.

"சரி, மாஸ்டர் இறங்க மாட்டார்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்தார். பதினான்கையும் எடுத்துக்கொண்டார். விழாவுக்குள் எத்தனை முடிகிறதோ அத்தனையும் உன் கடையில் கொடுத்துவிடச் சொன்னார். முப்பது ஆகாது என்றேன். அது மட்டும் சத்தமாக வந்தது.

அவர்கள் போன பிறகு நாகேந்திரன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டீங்க. அந்தம்மா அவ்வளோ கேட்டும் மசியலையே நைனா" என்றான். மசியாமல் நின்றேனா, பயத்தில் வாயடைத்துப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை. பணத்தைக் காட்டி, இதில் வெள்ளி போக மீதி என்ன என்று கேட்டான். கூலி என்றேன். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டான். இத்தனை நாள் யாருக்குப் பயந்தேன்?

பிறகு அவன் குனிந்து அந்தச் சாக்கின் கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு, மற்றதை நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினான். கோபமா, சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். நேற்று அவன் தாலுக்கா அந்தப் பக்கம் போய்விட்டது. நான் வீட்டுக்காரரிடம் போய் ஏப்ரல் வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினான்கிலும் உன் அரை ரூபாய் உண்டு, ஏழு ரூபாய் அனுப்புகிறேன். என் வீட்டிலேயே விற்றது என்று சொல்லாதே. விலாசம் கொடுத்தது நீ.

இனிக் கடையில் உள்ளவற்றின் விலை. உனக்கு எது சரி என்று படுகிறதோ அப்படியே செய் என்று எழுதிவிட்டு, அந்த வரியை அடித்தேன். மேலே மசிப்பட்டை தெரியும், அதுதான். ஐந்தே வை. வைத்துவிட்டுப் பெண்கள் திருப்பி வைத்தாலும் வைக்கட்டும். ஐந்து நியாயமா என்று இன்று காலைகூட எனக்குத் தெரியவில்லை, சாயங்காலம் இன்னும் தெரியாமல் போகும். ஆனாலும் ஐந்து.

படுக்கையை நாகேந்திரன் பலமாகக் கட்டியிருக்கிறான். முடிச்சு இன்னும் அவிழவில்லை. வெறும் பாயில்தான் படுத்துக்கொள்கிறேன்.

கன்னையா